படத்தில் விழுந்த கை

விசா கிடைக்காமல் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். நிருஷாவுக்குக் கிடைக்காமல் போனது ஒரு பிளாஸ்டரால். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அவளும் ஒருகாலத்தில் சிரித்தவள்தான்.

கலியாணம் என்னவோ உண்மையான கலியாணம். ஐயர் வந்தார், அம்மி மிதித்தாள், மண்டபம் நிறையச் சனம் வந்து சாப்பிட்டுவிட்டுச் சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டும் போனது. மாப்பிள்ளை தனஞ்சயன் கனடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்தவன். அந்த மூன்று கிழமையும் சொந்தக்காரர் வீட்டு விருந்திலும் கோயில் நேர்த்தியிலும் கரைந்துபோயிற்று. விமானம் ஏறுவதற்கு முதல்நாள்தான் தரகர் தலையில் கைவைத்தார். "ஐயோ, ஸ்பொன்சருக்குத் தேனிலவுப் படம் வேணுமே!"

உடனே ஒரு வான் பிடித்தார்கள். ஐந்து சேலை, ஐந்து சேர்ட். காலிமுகத்திடலில் ஒன்று, கல்கிசைக் கடற்கரையில் ஒன்று, தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் யானைக்கு முன்னால் ஒன்று என்று கொழும்பைச் சுற்றினார்கள். வானுக்குள்ளேயே குனிந்து குனிந்து சேலை மாற்றினாள் நிருஷா. மூன்று கிழமைத் தேனிலவு ஒரே பகலில் முடிந்தது. "இப்பிடித்தான் எல்லாரும் செய்யிறவை, யோசிக்காதேங்கோ," என்றார் தரகர். ஆனால் அதற்கு முதல்நாள் கோயிலில் தேங்காய் உடைக்கப் போய்க் கட்டைவிரலை வெட்டிக்கொண்டிருந்தான் தனஞ்சயன். அந்த விரலில் ஒரு பிளாஸ்டர், ஓரம் கறுத்து ஒரு பக்கம் கிளம்பினது. ஐந்து படத்திலும் அதே பிளாஸ்டர், அதே கறுப்பு, அதே கிளம்பல். யானை மாறியது, கடல் மாறியது, பிளாஸ்டர் மாறவில்லை. விசா அலுவலர் அதைக் கண்டுபிடித்து, படங்கள் ஒரே நாளில் எடுத்தவை, இந்தத் திருமணம் மெய்யானதென்று நம்பமுடியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"ஆறு மாசத்தில விசா வந்திடும்" என்று சொல்லி வங்கி வேலையை விடச் செய்துதான் நிருஷாவை யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்குக் கூட்டிவந்தார்கள். கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஆறாம் மாடியில், தனஞ்சயன் வாங்கிப்போட்ட பிளற். அந்த ஆறு மாதம் மூன்று வருடமாகிவிட்டது. பிளற்றில் இரண்டே பேர், நிருஷாவும் அவள் மாமி, தனஞ்சயனின் அம்மா இரத்தினம்மாவும். வாசலில் மரக்கதவு, அதற்கு வெளியே இரும்புக் கேற், கேற்றில் ஆமைப்பூட்டு. திறப்புக்கொத்து மாமியின் ஹவுஸ்கோட் பொக்கற்றில் கிலுகிலுத்துக்கொண்டு திரியும். மாமி எங்கே நிற்கிறார் என்று பார்க்கத் தேவையில்லை, காது கொடுத்தால் போதும்.

மாமி கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அடிக்கிறவர் இல்லை, ஏசுகிறவர் இல்லை. மீன் பொரித்தால் நடுத்துண்டு மருமகளுக்குத்தான். தலையிடி என்றால் தானே தைலம் தடவிவிடுவார். ஆனால் கேற் மட்டும் திறக்காது. "காலம் கெட்டுக் கிடக்குப் பிள்ளை," என்பார். நாலாம் மாடியில் இவளைப்போலவே விசாவுக்குக் காத்திருந்த ஒருத்தி ரியூசன் மாஸ்ரரோடு போய்விட்ட பிறகு பூட்டு இன்னும் பெரிதாயிற்று. கடைக்குப் போனால் இருவருமாய்ப் போவார்கள், கோயிலுக்கும் அப்படியே. தனியாகக் கீழே இறங்கி ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்ன வேண்டும் என்ற ஆசைகூட நிருஷாவுக்குள் கிடந்து செத்துப்போயிற்று. மாமியார் கொடுமை என்று சொல்லி அழுவதற்கும் வழியில்லாத கொடுமை அது. தைலம் தடவுகிற கையைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது?

இப்போது அப்பீல். கோடுகள் நிறைந்த புதுக்கடையில், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், மாமி பிடித்த லோயர் சவுந்தரநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்லியிருந்தார்: "கணவன் பக்கத்தில இல்லாவிட்டாலும் மருமகள் அந்தக் குடும்பத்தோட ஒண்டா, சந்தோஷமா இருக்கிறா எண்டு காட்டோணும். நல்ல ஃபொட்டோகிராபராப் பாத்து எடுங்கோ. ஆனா நச்சுரலா இருக்கோணும், விளங்குதோ? நச்சுரலா!" மாத முடிவுக்குள் படம் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அந்தக் கிழமையே லிஃப்ற்றுக்குள் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வெளிநாடு போகக் காத்திருப்பவர்களைப் படம் எடுக்கிறேன், உங்கள் படத்தை என்னோடு சேர்ந்து நீங்களே எடுக்கலாம், சல்லி வேண்டாம் என்று எழுதி, கீழே மேனகா என்று பெயரும் ஒரு ரெலிபோன் நம்பரும். மாமிக்கு வாயெல்லாம் பல். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மேனகா வந்தாள். முப்பது முப்பத்திரண்டு இருக்கும், கட்டை முடி, தோளில் கமராப் பை, கையில் முக்காலி. மாமி தேத்தண்ணி கொடுத்து, நம்மாட்கள் எவரும் தவறவிடாத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை எந்த ஊர்?"

"கொட்டாஞ்சேனை, ஆன்ட்டி."

"அது இப்ப இருக்கிற இடம். அதுக்கு முதல்?"

"அம்மா அப்பா பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்தவங்க. நான் பொறந்ததே கொட்டாஞ்சேனைலதான்."

"ஓ," என்றார் மாமி. அந்த 'ஓ'வில் எத்தனை மைல் தூரம் இருந்ததென்று அளக்க ஆள் வேண்டும். மேனகா சிரித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். இதைவிடப் பெரிய 'ஓ'க்கள் கேட்டவள்போல இருந்தது.

கமராவை முக்காலியில் பூட்டி, பைக்குள்ளிருந்து நீளமான ஒரு கறுத்தக் குழாயை எடுத்தாள். ஒரு முனையைக் கமராவில் முறுக்கினாள். மறுமுனையில் ஓர் இரப்பர் குமிழ், டொக்டர்மார் பிரஷர் பார்க்கக் கையில் வைத்து அமத்துவார்களே, அது மாதிரி. அதைக் கொண்டுவந்து நிருஷாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத நீங்க அமத்தினாத்தான் படம் விழும். நான் அமத்த மாட்டேன். எங்க நிக்கணும், எப்படி நிக்கணும், எப்ப எடுக்கணும், எல்லாம் நீங்கதான் முடிவு பண்ணணும். நான் வெளிச்சத்தப் பாத்துக்கறேன், அவ்வளவுதான். அப்புறம் இன்னொண்ணு. எடுத்தவுடனே காட்டுவேன். படத்துல இருக்கிறவங்க யாராவது ஒருத்தர் வேணாம்னு சொன்னாலும் உங்க முன்னாலயே அழிச்சிடுவேன். பிறகு நான் தலைகீழா நின்னாலும் அந்தப் படம் வராது."

நிருஷா குமிழைப் பார்த்தாள். இளஞ்சூடாக, மெத்தென்று இருந்தது. உங்களுக்கு எங்கே விருப்பம் என்று அவளிடம் கேட்டு எத்தனை காலம்!

பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் மாமி சொல்லிவிட்டார். "இதில, இந்தக் கலியாணப் படத்துக்குக் கீழ இருக்கட்டும். வெளிச்சமும் வடிவா விழும். பிள்ளை, அந்தப் பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு வா. நச்சுரலா இருக்கோணும் எண்டபடியால் ஒரு சங்கிலி மட்டும் காணும். நான் உனக்குக் கேசரி தீத்திறன், நீ சிரி."

கேசரியும் காலையிலேயே கிண்டி வைத்திருந்தார், பாருங்கள். நச்சுரல்!

மேனகா நிருஷாவைப் பார்த்தாள். "உங்களுக்குச் சரியா?" நிருஷா தலையை ஆட்டினாள். ஆட்டி ஆட்டிப் பழகிய தலை, கேள்விக்கு முன்னமே ஆடிவிடும்.

சோபாவில் இருத்தினார்கள். மாமி பக்கத்தில் இருந்து கேசரித் துண்டை அவள் வாய்க்கு நேரே பிடித்தார். மேலே சுவரில் தனஞ்சயன் தலைப்பாகையோடு சிரித்தான். இரப்பர் குமிழ் சேலைத் தலைப்புக்குள் நிருஷாவின் கையில் இருந்தது. அவள் அமத்தவில்லை.

ஏன் என்று அவளுக்கே தெரியாது. விரல் மடங்கவில்லை. மூன்று வருடமாய் எல்லாம் அவளைக் கேளாமலே நடந்தது. விடிந்தது, கேற் பூட்டியது, விசா மறுத்தது, மீன் பொரிந்தது. இப்போது முதல்முறையாக, அவள் செய்தாலன்றி நடக்காத ஒன்று கையில் இருந்தது. மேனகா அவசரப்படுத்தாமல் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். கடற்கரைப் பாதையில் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. நெய் உருகி மாமியின் மணிக்கட்டு வரை வழிந்தது.

"அமத்து பிள்ளை," என்றார் மாமி, சிரிப்பு மாறாமல், பல்லிடுக்கால். "அமத்து எண்டெல்லே சொல்லுறன்!"

அமத்தினாள்.

மேனகா கமராவின் திரையைத் திருப்பிக் காட்டினாள். "அருமையா இருக்கு!" என்றார் மாமி. நிருஷாவும் பார்த்தாள். திறந்த வாய், வாய்க்குள் பாதி கேசரி. கண்கள் மட்டும் கமராவைப் பார்க்காமல், மாமியின் ஹவுஸ்கோட் பொக்கற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. வானுக்குள் குனிந்து சேலை மாற்றினவளின் முகம் அது. அன்றைக்கும் இந்த முகத்தோடுதான் யானைக்கு முன்னால் நின்றிருக்கிறாள்.

"ஆன்ட்டிக்கு ஓகே. நிருஷா, உங்களுக்கு?"

"வேண்டாம்."

அந்தச் சொல் தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளே ஒருமுறை யோசித்தாள். மாமியின் கை கேசரியோடு அப்படியே நின்றது. மேனகா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒரு பொத்தானை அமத்தினாள். படம் போய்விட்டது. வேண்டாம் என்று நிருஷா சொல்லி, ஒன்று இல்லாமல் போனது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அடுத்த கிழமை வாறேன். எங்க எடுக்கலாம்னு யோசிச்சு வைங்க," என்று சொல்லிவிட்டு மேனகா போனாள். மாமி கேற்றைப் பூட்டினார். அன்றைக்குப் பூட்டிய சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

மறுநாள் காலை தனஞ்சயன் வழமைபோல வட்ஸ்அப்பில் வந்தான். அங்கே அவனுக்கு வேலை முடிந்து வந்த நேரம். "சாப்பிட்டியோ?" "ஓம்." "அம்மா சாப்பிட்டவவோ?" "ஓம்." மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் பாதி இதுதான். மற்றப் பாதி "அங்கை மழையோ?"

"அம்மா சொன்னவ, படம் சரிவரேல்லையாம். ஒருக்கா வடிவா இருந்து எடுத்து விடன் நிருஷா. உனக்காகத்தானே இவ்வளவும்."

"நீங்கள் ஒருக்கா வந்திட்டுப் போகலாமே? நேர வந்தால் நச்சுரலா இருக்கும்."

அவன் சிரித்தான். அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ. "இப்ப லீவு கஷ்டமப்பா," என்றான். கெட்டவன் இல்லை அவனும். யார்தான் கெட்டவர்? ஒருவரும் இல்லை. அதனால்தான் ஒருவரிலும் கோபிக்க முடியாமல் அவளுக்கு மூச்சு முட்டியது.

யாழ்ப்பாணத்துக்கு எடுத்தால் அம்மா, "கொஞ்சம் பொறு பிள்ளை. நீ திரும்பி வந்து நிண்டால் தங்கச்சிக்கு ஆர் வருவினம்?" என்றார். அங்கேயும் ஒரு பூட்டு, அதன் திறப்பு தங்கச்சியின் கழுத்தில்.

அந்தக் கிழமை முழுவதும் நிருஷா இடம் தேடினாள். சமையல் செய்யும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் கண் இடம் தேடியது. ஹோல் மாமியுடையது, சோபாவின் குழி முதற்கொண்டு. குசினியில் போத்தல்கள் எல்லாம் மாமியின் ஒழுங்கில் நிற்கும், ஒன்றை இடம் மாற்றி வைத்தால் விடியமுன் பழைய இடத்துக்குப் போய்விடும். படுக்கையறையில் அலுமாரிக்கு மேலும் கட்டிலுக்குக் கீழும் தனஞ்சயனின் சூட்கேசுகள். அவளுடைய உடுப்பு இன்னும் கலியாணத்துக்குக் கொண்டுவந்த பெட்டிக்குள்தான் கிடந்தது, எப்படியும் போகத்தானே போகிறாய், ஏன் அடுக்குவான் என்று. பல்கனியிலிருந்து கடல் தெரியும். ஆனால் அதற்கும் கம்பி அடித்திருந்தார்கள், காகம் வருமாம். சுற்றிச் சுற்றி வந்தாள். தனக்கென்று கால் வைத்து நின்று, இது நான் என்று சொல்ல ஒரு சாண் நிலம் அந்த வீட்டில் அவளுக்கு அகப்படவில்லை.

அடுத்த கிழமை மேனகா வந்து முக்காலியை விரித்தாள். மாமி இந்தமுறை கேசரி கிண்டவில்லை, முகத்தைத்தான் கிண்டி வைத்திருந்தார்.

"எங்க எடுக்கலாம் நிருஷா?"

நிருஷா வாசலைக் காட்டினாள். "கேற்றுக்கு வெளியில. லிஃப்ற்றுக்கு முன்னால நான் நிக்கிறன். கமரா இஞ்சை உள்ளுக்கு நிக்கட்டும்."

"விசரே உனக்கு?" என்றார் மாமி. "வாற போற சனமெல்லாம் பாக்கும்."

"ஒரு படந்தானே மாமி."

அந்நியப் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மாமி கேற்றைத் திறந்தார். நிருஷா வீட்டுச் சட்டையோடும் பாட்டாச் செருப்போடும் வெளியே போய் நின்றாள். கம்பிக்குள்ளால் குழாயை நீட்டிக் குமிழைக் கொடுத்தாள் மேனகா.

"கேற்றைப் பூட்டுங்கோ மாமி. எப்பவும் பூட்டுறபடி."

மாமிக்கு அது பிடித்த வேலை. பழக்கத்தில் கை தானாகப் போயிற்று. பூட்டில் திறப்பைப் போட்டுத் திருகிய அந்த நேரம் நிருஷா குமிழை அமத்தினாள். 'டிக்' என்றது கமரா.

மேனகா கமராவைக் கழற்றிக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினாள். நிருஷா பார்த்தாள். சிரிக்கவில்லை, அழவில்லை. தோள் நிமிர்ந்திருந்தது. கண் நேரே பார்த்தது. முகத்துக்குக் குறுக்கே கம்பி. கம்பியின் ஓரத்தில் நரம்போடிய ஒரு கை, பொன் வளையல், திறப்புக்கொத்து. விந்தை என்னவென்றால், வெளியே நின்றவள்தான் படத்தில் உள்ளே நிற்கிறவள்போல இருந்தாள். இரும்புக்கு உள்ளென்ன, வெளியென்ன.

"ஓம்," என்றாள் நிருஷா. "இது நான்தான்."

மாமியும் எட்டிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இந்தக் கை என்ர கையெல்லே?"

"ஆமா ஆன்ட்டி."

"அப்ப நானும் படத்தில இருக்கிறன்."

மேனகாவுக்கு விளங்கிவிட்டது. அவள் முகம் மாறியது. "ஆமா," என்றாள் மெதுவாக.

"ஆராவது ஒராள் வேண்டாமெண்டாலும் அழிப்பன் எண்டு நீர்தானே சொன்னனீர்? எனக்கு வேண்டாம்."

கெட்டிக்காரி! போன கிழமை கேசரி நினைப்பில் இருந்தபோதும் காது திறந்தே இருந்திருக்கிறது. மேனகா கமராவைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய சட்டத்தாலேயே அவளை மடக்கியாயிற்று. அவள் இவ்வளவு காலம் எடுத்த படங்களில் இதைவிட நல்லது எத்தனை இருக்குமோ, அவளுக்குத்தான் தெரியும். இருந்தாலும் திரையை மாமி பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமத்தினாள். நிருஷா கம்பிக்கு வெளியே நின்று, தன் முகம் இல்லாமல் போவதைப் பார்த்தாள்.

"உள்ளுக்கு வா," என்றார் மாமி, குரல் இறங்கி. "ஒரு வழி சொல்லுறன். நீ கலியாணப் படத்துக்குக் கீழ இருந்து லோயருக்கு ஒரு படம் தா. பேந்து இந்தப் பிள்ளைக்கு நீ கேற்றுக்கு வெளியில நிண்டு, கூரையில ஏறி நிண்டு, எப்பிடியெண்டாலும் எடு. நான் ஒண்டும் சொல்லன்."

"தரமாட்டன் மாமி."

"ஏன்?"

"அந்த விசாக்காரன் எழுதினதில என்ன பிழை? மூண்டு கிழமை பாத்த மனுசனை எனக்கு என்ன தெரியும்? தேங்காய் உடைக்கத் தெரியாது எண்டு மட்டும் தெரியும். அவர் வந்து என்னோட இருக்கட்டும், நான் அவரோட போறன். படத்தில குடும்பம் நடத்த இனி என்னால ஏலாது."

மாமியின் முகம் உடைந்தது. "உனக்கு உன்ர கதை. நீ போய்ச் சேர்ந்தாத்தானேடி அவன் என்னைக் கூப்பிடுவான்? மனுசனும் போயிட்டார், மகனையும் கண்டு மூண்டு வருஷம். நான் மட்டும் இந்தக் கோதாரி விழுவான் பிளற்றுக்குள்ள ஆசைக்கே இருக்கிறன்?" பெரிய மனுசி, ஒரு வெளியாளுக்கு முன்னால், ஹவுஸ்கோட் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதார். மேனகா நிலத்தைப் பார்த்தாள்.

நிருஷாவுக்கு இரக்கம் வந்தது. உண்மையாகவே வந்தது. அந்த இரக்கம்தானே இத்தனை காலம் அவளைக் கட்டி வைத்திருந்த இன்னொரு கயிறு. இந்தமுறை அவள் அதை அவிழ்க்கவுமில்லை, அதில் மாட்டவுமில்லை.

"மாமி, திறப்பைத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"உங்கட கை படத்தில விழாது. நானே பூட்டிப்போட்டு எடுக்கிறன். அப்ப படத்தில நான் மட்டுந்தான் நிப்பன், வேண்டாமெண்டு சொல்ல ஆளில்லை."

மாமி மேனகாவைப் பார்த்தார். மாட்டேன் என்று சொன்னால், இவ்வளவு நாளும் 'காலம் கெட்டுக் கிடக்கு' என்று சொன்ன பூட்டுக்கு வேறு பெயர் வந்துவிடும். அதுவும் கொட்டாஞ்சேனை வரை போய்விடும். யாழ்ப்பாணத்து மனுசி உயிரை விட்டாலும் விடுவா, வெளியாள் முன்னால் மரியாதையை விடமாட்டா. கொத்தைக் கம்பிக்குள்ளால் நீட்டினார். "ஒரு நிமிஷந்தான்," என்றார்.

திறப்புக்கொத்து நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. மாமி பூட்டியதைத் திறந்து, நிருஷா தானே பூட்டி, இழுத்துச் சரிபார்த்தாள். மேனகா கமராவை முக்காலியில் திரும்பப் பூட்டினாள். ஒரு கையில் குமிழ், மறுகையில் திறப்பு. உள்ளே மாமி.

அவள் அவசரப்படவில்லை.

"காணும், எடு," என்றார் மாமி. கொஞ்சம் பொறுத்து, "எடுத்தாச்சோ?" இன்னும் கொஞ்சம் பொறுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, திற. எனக்கு என்னவோ செய்யுது, நெஞ்சை அடைக்குது."

"எனக்கும் அப்பிடித்தான் மாமி. மூண்டு வருஷமா."

அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மீன் பொரிந்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். மாமி கம்பியை விட்டுப் பின்னால் போனார். 'டிக்'.

மேனகா படத்தைக் காட்டினாள். நிருஷா பார்த்துவிட்டு "ஓம்" என்றாள். மாமி எட்டிப் பார்க்கவில்லை. தன் கை அதில் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

நிருஷா பூட்டைத் திறந்து கேற்றை விரித்து வைத்தாள். மாமியின் கை பழக்கத்தில் நீண்டது, திறப்புக்காக. அவள் கொத்தைப் பூட்டிலேயே தொங்கவிட்டுவிட்டு, நீண்டிருந்த அந்த உள்ளங்கையில் இரப்பர் குமிழை வைத்தாள்.

"இப்ப நீங்கள் மாமி. எங்கை நிண்டு எடுக்க விருப்பம்?"

"எனக்கென்னத்துக்குப் படம்? ஆர் பாக்கப்போயினம்?" என்றார் மாமி. ஆனால் விரல்கள் குமிழை மூடிக்கொண்டன. குழாய் இழுபட, ஹோலைத் திரும்பிப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார். மாலை போட்ட மனுசனின் படத்தைப் பார்த்தார். குசினிப் பக்கம் இரண்டு எட்டு வைத்துத் திரும்பி வந்தார். "இதில... சீ, வேண்டாம்." பல்கனிக் கம்பியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நிருஷா அந்தத் தேடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கிழமை முழுக்கத் தான் நடந்த வழி. கடைசியில் மாமி மெல்ல நடந்து, கேற்றைத் தாண்டி, நிருஷா நின்ற அதே இடத்துக்கு வந்து நின்றார்.

"இதிலயே நிக்கிறன். வீட்டு உடுப்போட நிக்கிறன், பரவாயில்லையோ?"

"உங்க விருப்பம் ஆன்ட்டி," என்றாள் மேனகா உள்ளேயிருந்து.

நிருஷா லிஃப்ற்றின் பொத்தானை அமத்தினாள். மாமி திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எங்கை போறாய்?"

"கடற்கரைக்கு."

"தனியவோ?"

"தனிய."

லிஃப்ற் வந்து நின்று கதவு திறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. நிருஷா ஏறித் திரும்பி நின்றாள். கையில் போன் இல்லை, பர்ஸ் இல்லை.

"எப்ப வருவாய் பிள்ளை?"

பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். இப்ப வந்திடுவன் மாமி என்று சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? "தெரியாது மாமி," என்றாள். "வரேக்கை கேற் திறந்திருந்தால் உள்ளுக்கு வருவன். பூட்டியிருந்தால் தட்டமாட்டன். அப்பிடியே திரும்பிப் போயிடுவன்."

மாமியின் ஒரு கை ஹவுஸ்கோட் பொக்கற்றுக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாமல், அப்படியே நின்றது. மற்றக் கையில் குமிழ் இருந்தது. லிஃப்ற்றின் கதவு இரு பக்கத்தாலும் வந்து மாமியை மூடியது.

இறங்கத் தொடங்கும்போது, மேலே, கதவுக்கு அந்தப் பக்கம், 'டிக்' என்று கேட்டது. அமத்தச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.